கடலில் கயாக், முன்னால் ஃபிஷ் ஃபைண்டர்: திரை தப்பாகக் காட்டினால் எங்கிருந்து பார்ப்பது?

சென்னை ஈசிஆர் பக்கமும் சரி, சிங்கப்பூரிலும் சரி, கயாக்கில் உட்கார்ந்து கடலில் தூண்டில் போடுகிறவர்களை இப்போது பார்க்க முடிகிறது. கயாக் வாங்கிய கையோடு பலர் ஃபிஷ் ஃபைண்டரும், அதாவது ஆழத்தையும் கீழே உள்ள மீனையும் ஒலியால் கண்டு திரையில் காட்டும் கருவியும், வாங்கிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் புகார் தொடங்கும். ஆழத்தின் எண் நிலையாக நிற்காமல் மினுக்குகிறது. திரை முழுக்க மீன் படம், ஆனால் தூண்டிலை ஒன்றும் தொடவில்லை. 6 மீட்டர்தான் என்று தெரிந்த இடத்தில் 12 காட்டுகிறது. ஏரியில் அழகாக ஓடியது, கடலுக்கு வந்ததும் கிறுக்கல் கிறுக்கலாக வருகிறது.

கருவி கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு உடனே போக வேண்டாம். காரணம் அநேகமாக நாலில் ஒன்றாக இருக்கும்: மின்சாரம் சரியாக வரவில்லை, டிரான்ஸ்டியூசருக்கும் (ஒலியை அனுப்பி வாங்கும் பாகம்) தண்ணீருக்கும் நடுவில் காற்று புகுந்திருக்கிறது, அமைப்பில் ஏதோ மாறியிருக்கிறது, அல்லது கருவி சரியாகத்தான் காட்டுகிறது, நாம்தான் அதைத் தவறாக வாசிக்கிறோம். புதியவர்களின் புகார்களில் நாலாவதுதான் அதிகம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் திரையை வாசிக்கப் பழகுங்கள்

டிரான்ஸ்டியூசர் ஓர் ஒலித்துடிப்பைக் கீழே அனுப்புகிறது. அது தரையிலோ மீனிலோ பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கருவி அளக்கிறது. கடல் நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். நம் பக்கத்து வெதுவெதுப்பான கடலில் இன்னும் கொஞ்சம் கூடுதல். 15 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 20 மில்லி விநாடி. இப்படி ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வந்ததை ஒரு செங்குத்துக் கோடாக்கித் திரையின் வலது ஓரத்தில் வரைகிறது. பழைய கோடுகள் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போகின்றன, ஈசிஜி காகிதம் ஓடுவதைப் போல.

ஆகவே திரையில் இடமிருந்து வலமாக இருப்பது நேரம், தூரம் இல்லை. இப்போது உங்களுக்குக் கீழே இருப்பது வலது ஓரத்தில் உள்ள அந்த ஒரு கோடு மட்டும்தான். திரையின் நடுவில் தெரியும் மீன் கொஞ்ச நேரத்துக்கு முன் கடந்து போன மீன். கயாக்கை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தாலும் படம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அப்போது கீழே ஒரே ஒரு மீன் அசையாமல் நின்றால், அது நீண்ட கோடாகத் திரை முழுவதும் நீளும். அதைப் பார்த்துப் பெரிய மீன் என்று நினைக்கக் கூடாது. மீனின் பருமனை ஓரளவு சொல்வது அந்தக் கோட்டின் தடிமன்தான். நீளம் மீன் எவ்வளவு நேரம் கீழே இருந்தது என்பதை மட்டும் சொல்லும்.

வில் போன்ற வளைவுதான் மீன் என்று விளம்பரங்களில் காட்டுகிறார்கள். அந்த வில் எப்படி வருகிறது? ஒலி கூம்பாக விரிந்து இறங்குகிறது. மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது தூரம் அதிகம், நடுவில் வரும்போது குறைவு, வெளியேறும்போது மறுபடி அதிகம். இந்தக் கணக்குதான் வில்லாகத் தெரிகிறது. மோட்டார் படகு சீரான வேகத்தில் மீன்களுக்கு மேலே போவதால் வில் நன்றாக விழும். கயாக் நீரோட்டத்தில் மெல்ல மிதந்து போகிறது; பாதி வில், சாய்ந்த கோடு, நீட்டிவிட்ட புழு என்று எப்படியும் வரலாம். எல்லாமே மீன்தான். வில் வரவில்லை என்பதற்காக அமைப்பைப் போட்டுக் குடைய வேண்டியதில்லை.

கூம்பின் அகலத்தையும் மனத்தில் வையுங்கள். ஒலியின் அதிர்வெண்ணைப் பொறுத்து அது மாறும். 200 கிலோஹெர்ட்ஸில் கூம்பு பெரும்பாலும் 15 முதல் 20 டிகிரி. 20 டிகிரி என்றால் 10 மீட்டர் ஆழத்தில் தரையில் விழும் வட்டம் சுமார் 3.5 மீட்டர் அகலம். 77 அல்லது 83 கிலோஹெர்ட்ஸில் கூம்பு 45 முதல் 60 டிகிரி வரை விரியும். அதே ஆழத்தில் வட்டம் 8 முதல் 11.5 மீட்டர். அகலமான கூம்பில் தெரிந்த மீன் உங்கள் தூண்டிலுக்கு நேர் கீழே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பார் (கடலடிப் பாறைத் திட்டு) ஓரத்தில் ஜிக், அதாவது கனமான உலோகப் போலி இரை, இறக்குகிறவர்கள் 200ஐயே வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, ஏரியிலிருந்து கடலுக்கு வருகிறவர்களை முதலில் குழப்புவது இதுதான்: தரை அலை அலையாகத் தெரியும். கடலடியில் மணல் மேடுகள் வரிசையாக இருக்கின்றன என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் ஏறி இறங்குவது நீங்கள். கயாக் அலை மேல் ஏறும்போது ஆழம் கூடுகிறது, இறங்கும்போது குறைகிறது. கண்டுபிடிக்க எளிய வழி: துடுப்புப் போடாமல் அப்படியே நில்லுங்கள். நீங்கள் ஏறி இறங்கும் தாளத்திலேயே தரைக் கோடும் ஏறி இறங்கினால் அது அலை. நிற்கும்போது தாளம் எதுவாக இருந்தாலும், நகரும்போது மட்டும் தனியாக ஒரு மேடு எழும்பினால் அது தரை.

கரையிலேயே பார்த்துவிட வேண்டியவை

கடலுக்குள் போனபின் பிளக்கைக் கழற்றி மாட்டுவது ஆகாத வேலை. ஈரக் கையால் தொட்டால் உப்புத் தண்ணீர் பின்னுக்குள் போகும். அதனால் மணலில் வைத்தே இவற்றைப் பாருங்கள்.

திரையில் பேட்டரி வோல்ட் காட்டும் வசதி பெரும்பாலான கருவிகளில் இருக்கும். அதை எப்போதும் தெரியும்படி வையுங்கள். 12 வோல்ட் ஈய பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகி, சற்று நேரம் ஓய்வில் இருந்தபின் 12.7 அளவில் நிற்க வேண்டும். 12க்குக் கீழே போனால் அது அன்றைய நாளைத் தாங்காது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வேறு மாதிரி: கடைசி வரை 13 அருகிலேயே நின்றுவிட்டு, திடீரென்று விழும். வோல்ட் நன்றாகத்தானே இருந்தது, ஏன் அணைந்தது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த பேட்டரிக்காரர்கள். அதை வோல்ட் பார்த்து மதிப்பிட முடியாது, எத்தனை மணி நேரம் ஓட்டினோம் என்று கணக்கு வைக்க வேண்டும்.

பிறகு திரையின் வெளிச்சத்தை முழுவதும் ஏற்றிப் பாருங்கள். அந்த நொடியில் கருவி அணைந்து மறுபடி எழுந்தால், பேட்டரி தளர்ந்திருக்கிறது அல்லது இணைப்பில் பச்சை பூத்திருக்கிறது. ஃப்யூஸ் கூட்டின் உள்ளே, பேட்டரி முனையில், பிளக் பின்னில் பாருங்கள். செம்பில் உப்பு படிந்தால் பச்சை நிறத்தில் மாவு போல் பூக்கும். அதைச் சுரண்டித் துடைத்து, மின் இணைப்புக்கென்று விற்கும் கிரீஸைக் கொஞ்சம் தடவினால் போதும்.

டிரான்ஸ்டியூசரைக் காதருகே கொண்டுபோனால் பல மாடல்களில் மெல்லிய டிக் டிக் சத்தம் கேட்கும். கேட்டால் துடிப்பு போகிறது, கேபிளும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். தரையில் வைத்து ஆழம் பார்க்க முயல வேண்டாம். காற்றில் அது எதையாவது உளறும்.

சிமுலேட்டர், அதாவது கடையில் காட்டுவதற்கான செயல்விளக்க முறை, அணைந்திருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள். கரையில் 40 மீட்டர் ஆழமும், வரிசையாக அழகழகான வில்களும் தெரிகின்றன என்றால் சந்தேகமே வேண்டாம், அது செயல்விளக்கம்தான். அதை நம்பித் தூண்டில் கட்டிய ஆட்களும் உண்டு.

ஆழத்தின் அலகை மீட்டரா அடியா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நம் கரையோர மீனவர்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். ஒரு பாகம் 6 அடி, அதாவது 1.8 மீட்டர் சொச்சம். கருவியில் ஃபேதம் என்று ஓர் அலகு இருக்கும், அது இதே அளவுதான். குப்பத்துப் பெரியவர் "எட்டுப் பாகத்துல பார் இருக்கு" என்று வழி சொன்னால், நீங்கள் 8 மீட்டரில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. ஏறக்குறைய 15 மீட்டரில் தேட வேண்டும்.

காற்றுதான் முதல் எதிரி

ஒலி தண்ணீரிலிருந்து காற்றுக்குள் நுழையாது, பட்டுத் திரும்பிவிடும். டிரான்ஸ்டியூசரின் முகத்தில் காகிதத் தடிமனுக்குக் காற்று இருந்தாலும் போதும், கீழே போக வேண்டிய துடிப்பு போகாது. கயாக்கில் வரும் உண்மையான கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு.

டிரான்ஸ்டியூசரை எங்கே பொருத்தியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சோதனை மாறும்.

கயாக் ஓட்டின் (உடலின்) உள்பக்கமே ஒட்டியிருந்தால்: ஒரே அடுக்குப் பாலிஎத்திலீன் ஓட்டின் வழியாக ஒலி ஓரளவு நன்றாகவே போகும். நுரை வைத்த அடுக்கு ஓடாக இருந்தால் போகாது. காற்றடைத்த கயாக்கில் இந்த வழியே கிடையாது. ஒட்டும் முன்பு தண்ணீரில் ஒரு சோதனை செய்துவிடுங்கள்: கயாக்கை நீரில் இறக்கி, உள்ளே ஒட்டப்போகிற இடத்தில் இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றி, டிரான்ஸ்டியூசரை அதில் அழுத்திப் பிடித்து ஆழத்தைப் பாருங்கள். பிறகு அதே டிரான்ஸ்டியூசரைக் கயாக்கின் பக்கவாட்டில் நேராகக் கடலில் அமிழ்த்திப் பாருங்கள். இரண்டு படமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் அந்த இடம் சரி. உள்ளே பிடிக்கும்போது தரைக் கோடு வெளுத்துப் போனால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள்.

ஒட்டிய பிறகு சில மாதம் நன்றாக ஓடி, மெல்ல மெல்லப் படம் மங்கினால், பசை கழன்று அடியில் காற்று நுழைந்திருக்கிறது. சாதாரண சிலிக்கான் பாலிஎத்திலீனில் நிலைத்து ஒட்டாது. வெயிலில் ஓடு விரிந்து சுருங்கும்போது உரிந்துவிடும். பிய்த்து, சுத்தம் செய்து, குமிழி இல்லாமல் மறுபடி ஒட்டுவதைத் தவிர வழியில்லை. இந்த முறையில் நீரின் வெப்பநிலை என்று காட்டுவது கயாக்கின் உள்சூடு என்பதையும் நினைவில் வையுங்கள். 455, 800 கிலோஹெர்ட்ஸில் புகைப்படம் போல நேர் கீழே காட்டும் டவுன் இமேஜிங், பக்கவாட்டில் காட்டும் சைடு இமேஜிங் இரண்டும் ஓட்டின் வழியே சரிவர வராது. அது கோளாறு இல்லை, அப்படித்தான்.

கயாக்கின் அடியில் தண்ணீர் வடியும் துளைக்குள் பொருத்தியிருந்தால்: கடற்கரையில் கயாக்கை இழுத்துவரும்போது துளைக்குள் மணல் அடைத்துக்கொள்ளும். இறங்குவதற்கு முன் விரலை விட்டுப் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

பக்கவாட்டுக் கம்பியில் தொங்கவிட்டிருந்தால்: பாசி, பிளாஸ்டிக் பை, அறுந்து மிதக்கும் வலைத் துண்டு இவற்றில் ஏதாவது வந்து சுற்றும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த படம் திடீரென்று வெறுமையானால் மெனுவைத் திறக்காதீர்கள், கம்பியைத் தூக்கிப் பாருங்கள். அலை உடையும் இடத்தைத் தாண்டும் வரை கம்பியை மேலே மடக்கியே வைத்திருங்கள். அங்கே கருவிக்கு வேலையும் இல்லை. நுரை முழுவதும் காற்றுக் குமிழி, கூடவே கலங்கிய மணல். எண் மினுக்கும், கோடு கோடாக வரும், சில நேரம் ஒன்றுமே வராது. கயாக்கை அலைக்கு நேராகப் பிடிக்க வேண்டிய நேரத்தில் திரையைப் பார்க்கிறவர் கவிழ்வார்.

பெடல் கயாக்காக இருந்தால் பெடலுக்குப் பின்னால் டிரான்ஸ்டியூசர் இருக்கிறதா என்று பாருங்கள். மிதிப்பதை நிறுத்தியதும் படம் தெளிந்தால், தொல்லை கொடுப்பது பெடல் கிளப்பும் குமிழி.

கடைசியாக, முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ காய்ந்த உப்போ இருந்தால் தண்ணீரில் இறக்கியதும் சிறு சிறு குமிழிகள் அதில் ஒட்டிக்கொள்ளும். பாத்திரம் துலக்கும் சோப்பை நீர்க்கக் கலந்து மெல்லிய துணியால் துடைத்தால் போதும். சுரண்டக் கூடாது.

அமைப்பில் தொட வேண்டியவை கொஞ்சம்தான்

மெனுவில் நூறு விஷயம் இருக்கிறது. கடலுக்கு நாலைந்துதான் தேவை. எல்லாவற்றையும் மாற்றிக் குழப்பியிருந்தால், தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அதற்கு முன் சேமித்த இடங்களைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். சில கருவிகளில் அவையும் சேர்ந்து அழியும்.

நீரின் வகையை உப்புத் தண்ணீர் என்று வையுங்கள். உப்பு நீரில் ஒலி சில சதவீதம் வேகமாகப் போகிறது, ஒலியை உறிஞ்சுவதும் அதிகம். உறிஞ்சுவது நாம் சமையலில் போடும் உப்பு இல்லை. மீன் தேடும் அதிர்வெண்களில் கடல் நீரில் கரைந்திருக்கும் மெக்னீசியம் சல்பேட்தான் ஒலியை அதிகமாக விழுங்குகிறது. அதிர்வெண் கூடக் கூட இழப்பும் கூடும். ஏரியில் எட்டிய தூரத்துக்குக் கடலில் சைடு இமேஜிங் எட்டாததற்குக் காரணம் இதுதான். நல்ல வேளையாக, கயாக்கில் நாம் போகும் 5 முதல் 30 மீட்டர் ஆழத்துக்கு 200 கிலோஹெர்ட்ஸ் தாராளமாகப் போதும்.

இந்த அமைப்பை மாற்ற மறந்தால் பெரிய தவறு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 20 மீட்டரில் ஒரு மீட்டர் அளவுக்குள் வித்தியாசம் வரும், அவ்வளவுதான். ஆழம் இரண்டு மடங்காகத் தெரிந்தால் குற்றவாளி இது இல்லை.

மீன் படம் போடும் ஃபிஷ் ஐடியை அணைத்துவிடுங்கள். குமிழி, மிதக்கும் பாசி, சொறி மீன், நீங்கள் இறக்கிய ஈயம் என்று எல்லாவற்றுக்கும் அது மீன் படம் ஒட்டும். கடலில் அது உதவியை விடத் தொல்லைதான் அதிகம்.

சென்ஸிட்டிவிட்டியை, அதாவது மெல்லிய எதிரொலியையும் கருவி எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை, இப்படி அமையுங்கள்: தரை தெளிவாகத் தெரியும் ஓரிடத்தில் நின்று, திரையில் புள்ளி புள்ளியாக அழுக்கு தெரிய ஆரம்பிக்கும் வரை மெல்ல ஏற்றுங்கள். பிறகு அந்தப் புள்ளிகள் ஏறக்குறைய மறையும் வரை கொஞ்சம் இறக்குங்கள். முழுவதும் மறையும் வரை இறக்கினால் சின்ன இரை மீன்களும் மறைந்துவிடும். திரை கொஞ்சம் அழுக்காக இருப்பது நல்லது. மிகச் சுத்தமான திரையை நான் நம்புவதில்லை.

ஆழ வரம்பைத் தானியங்கியாக விட்டுவிட்டுத் தொல்லை வந்தால் கையால் வையுங்கள். தரை 15 மீட்டர் என்றால் வரம்பு 0 முதல் 20. இரைச்சல் வடிகட்டியைக் குறைந்த அளவில் வையுங்கள். திரையில் படம் ஓடும் வேகம் நடுத்தரம்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிப் படம் சரியானால், எது சரி செய்தது என்று அடுத்த தடவையும் தெரியாது.

ஈயக்குண்டு ஒன்று கூடவே இருக்கட்டும்

கருவியின் எண் சரியா என்று அறிய மிக மலிவான வழி: 200 கிராம் ஈயக்குண்டு, மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட 20 மீட்டர் நைலான் கயிறு. சந்தேகம் வரும்போது கயாக்கை நிறுத்திக் குண்டை நேராக இறக்குங்கள். கயிறு நீரோட்டத்தில் சாய்ந்தால் அளவு கூடிவிடும். அதனால் நீரோட்டம் குறைந்த நேரத்தில் பாருங்கள். டிரான்ஸ்டியூசர் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் கருவி ஒரு சாண் குறைவாகச் சொல்லலாம், அது கணக்கில் வராது. குண்டின் அடியில் கொஞ்சம் கெட்டி கிரீஸ் அப்பி இறக்கினால் மணலோ சேறோ சிப்பித் துண்டோ ஒட்டி வரும். திரையில் தெரியும் தரை என்ன வகை என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது: கெட்டித் தரை தடித்த, பளிச்சென்ற கோடு, சேறு மெலிந்த, மங்கிய கோடு.

இனி, கடலில் வழக்கமாக வரும் தொல்லைகள்.

குண்டு 6 மீட்டர் சொல்கிறது, திரை 12 சொல்கிறது. ஒலி தரையில் பட்டு மேலே வந்து, நீர்மட்டத்தில் பட்டு மறுபடி கீழே போய், இரண்டாம் முறை திரும்பி வருகிறது. ஆழம் குறைந்த கெட்டித் தரையில் இது சகஜம். திரையைக் கூர்ந்து பார்த்தால் 6இல் ஒரு கோடும் 12இல் அதன் நகலும் தெரியும். கருவி நகலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சென்ஸிட்டிவிட்டியைக் குறைத்து, வரம்பைக் கையால் 10 என்று வைத்தால் சரியாகிவிடும். துடிப்பு அனுப்பும் வேகத்தைக் குறைப்பதும் உதவும். அந்த நகலை முழுவதும் வெறுக்க வேண்டாம். அது தெரிகிறது என்றாலே கீழே கெட்டித் தரை. சேற்றில் இரண்டாம் எதிரொலி அவ்வளவாக வராது.

ஆழ எண் மினுக்குகிறது. கருவி தரையைத் தவறவிட்டுவிட்டது, கடைசியாகத் தெரிந்த எண்ணைக் காட்டுகிறது என்று பொருள். அரை மீட்டருக்கும் குறைவான தண்ணீர், நுரை, மிக இளகிய சேறு, முகத்தில் காற்று: இந்த வரிசையில் பாருங்கள்.

சாய்ந்த புள்ளிக் கோடுகள் மழை பெய்வது போலத் திரையைக் கடக்கின்றன. பக்கத்தில் போகும் படகின் எக்கோ சவுண்டரும் (ஒலியால் ஆழம் அளக்கும் கருவி) உங்களுடையதும் ஒரே அதிர்வெண்ணில் பேசுகின்றன. அதிர்வெண்ணை மாற்றுங்கள், அல்லது படகு போகட்டும் என்று விடுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை; அந்த நாட்களில் இந்தத் தொல்லை குறைவாக இருக்கும். படகே இல்லாதபோதும் கோடுகள் வந்தால் உங்கள் கயாக்கிலேயே தேடுங்கள். மின் மோட்டாரை அணைத்துப் பாருங்கள், போன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். மோட்டாருக்குத் தனி பேட்டரி, டிரான்ஸ்டியூசர் கேபிளும் மோட்டார் ஒயரும் தள்ளித் தள்ளி: இவ்வளவு செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நேற்று குறித்து வைத்த இடத்தில் இன்று ஆழம் மாறியிருக்கிறது. ஓதத்தைக் கணக்கில் எடுத்தீர்களா? சென்னையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்ற வற்றத்துக்கு நடுவே சுமார் ஒரு மீட்டர் வித்தியாசம் இருக்கும். சிங்கப்பூரில் அது இரண்டு மீட்டரைத் தாண்டும். இடம்தான் தவறிவிட்டது என்றால், பாரைத் திரையில் பார்த்துப் பட்டனை அழுத்துவதற்குள் கயாக் நகர்ந்திருக்கும். பல ஜிபிஎஸ் கருவிகளில் அம்புக்குறியைத் திரையில் பின்னால் நகர்த்தி அந்தப் பார் மேல் வைத்துக் குறிக்கலாம். கயாக் அப்போது இருந்த இடம் பதிவாகும்.

கடல் காட்டுவதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்

வடகிழக்குப் பருவமழைக்குப் பின் அடையாறு, பாலாறு, கொள்ளிடம் போன்ற முகத்துவாரங்களுக்கு வெளியே ஆற்று நீர் உப்பு நீரின் மேல் படலமாக மிதக்கும். இரண்டும் சந்திக்கும் மட்டத்தில் குப்பையும் நுண்ணுயிர்களும் தங்கி, திரையில் படுக்கைக் கோடாகத் தெரியும். வெப்பநிலை சட்டென்று மாறும் மட்டமும் இப்படித்தான் தெரியும். சோதித்துப் பார்க்க: தரை ஏறி இறங்கினாலும் அந்தக் கோடு ஒரே மட்டத்தில் நின்றால், அது தரையின் நகல் இல்லை, தண்ணீரின் அடுக்கு. வடிகட்டியைப் போட்டு அழிக்காதீர்கள். மீன் அந்த மட்டத்துக்கு ஒட்டி நிற்பதுண்டு.

மாலை மங்கும்போது திரையின் கீழ்ப்பாதியில் இருந்த மூட்டம் மேலே ஏறிவரும். அது மிதவை உயிரிகள். இருட்டினால் மேலே வருவது அவற்றின் வழக்கம். சென்ஸிட்டிவிட்டி தானாகக் கூடிவிட்டது என்று நினைத்து இறக்கிவிடுகிறவர்கள் உண்டு.

நெத்திலி, சாளைக் கூட்டம் பந்து போல, மேகம் போலத் தெரியும். அதன் ஓரம் சிதறி, அடியில் தனித்தனிச் சாய்ந்த கோடுகள் ஓடினால் வேட்டை நடக்கிறது. சொறி மீன்கள் கூட்டமாக வந்தாலும் மேகம் தெரியும், ஆனால் அது மங்கலாக இருக்கும், சிதறாது, வேகமும் இருக்காது.

இப்போது முக்கியமான ஒன்று. மீனிலிருந்து திரும்பும் எதிரொலியின் பெரும்பகுதி அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்து வருகிறது. கூரல் கத்தாழையிலிருந்து எடுத்து நெட்டி என்று நல்ல விலைக்கு விற்கிறார்களே, அதுதான் காற்றுப்பை. கலவா, சங்கரா, கொடுவா எல்லாவற்றுக்கும் உண்டு, பளிச்சென்று தெரியும். வஞ்சரத்துக்குக் கிடையாது. கடல் விராலுக்கும் கிடையாது, சுறாவுக்கும் திருக்கைக்கும் கிடையாது. கயாக்காரர்கள் எல்லோரும் ஆசைப்படும் வஞ்சரம் நாலு கிலோவில் கீழே ஓடினாலும் திரையில் ஒரு மெலிந்த கீறலாகப் போகலாம். அதனால் வஞ்சரத்தைத் திரையில் தேடாதீர்கள். இரைக் கூட்டத்தைத் தேடி, அதன் ஓரத்தில் தூண்டிலை இழுத்துக்கொண்டு போங்கள்.

பார் சரிவிலும் ஒரு மறைவு உண்டு. கூம்பின் ஓரம் முதலில் உயர்ந்த பாறையைத் தொட்டுவிடும். அந்த எதிரொலியே தரை என்று கருவி எடுத்துக்கொள்ளும். பாறையின் காலடியில், அதற்குக் கீழ் மட்டத்தில் நிற்கும் கலவா அதனுள் கலந்து மறையும். தமிழ்நாட்டுக் கரையோரத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தொழில்நுட்பத்தில் இறக்கிய கான்கிரீட் செயற்கைப் பார்களில் இது நன்றாகத் தெரியும். தட்டையான தரையில் சட்டென்று ஒரு கெட்டிக் குத்து எழும்பும், மேலே மீன் மூட்டம் இருக்கும், ஓரத்தில் ஒன்றும் இல்லாதது போல இருக்கும். ஓரத்தில்தான் பெரியது இருக்கும். அந்த இடங்களைச் சுற்றுவட்டக் குப்பத்துக்காரர்கள் தங்கள் பிழைப்புக்கு நம்பியிருக்கிறார்கள். போகும் முன் கரையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காத் தீவுகளின் பக்கம் தூண்டிலோடு போகவே கூடாது.

கரை திரும்பியதும்

பிளக்கைக் கழற்றும் முன் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கழற்றிவிட்டுக் கழுவினால் உப்பு நீர் பின்னுக்குள் வழியும். வேகமாகப் பீய்ச்சி அடிக்க வேண்டாம், குவளையால் ஊற்றினால் போதும். டிரான்ஸ்டியூசர் முகத்தைத் துடைத்து, பின்களை நிழலில் உலரவிட்டு மூடி போடுங்கள். பேட்டரியை ஈரப் பெட்டிக்குள்ளேயே விட்டுவைத்தால் அடுத்த வாரம் பச்சை பூத்திருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் படம் வரவில்லை என்றால், அப்போது கருவியைச் சந்தேகிக்கலாம். கேபிளை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். கீறல், நசுங்கல் இருந்தால் உப்பு நீர் உள்ளே போயிருக்கும். கேபிளை நறுக்கி ஒட்டும் வேலையில் இறங்க வேண்டாம். அதே வகைப் பிளக் உள்ள டிரான்ஸ்டியூசர் நண்பரிடம் இருந்தால் வாங்கி மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் உங்கள் டிரான்ஸ்டியூசர் போய்விட்டது, அதை மட்டும் வாங்கினால் போதும். வரவில்லை என்றால் திரைதான் கோளாறு. ரசீதோடு வாங்கிய கடைக்குக் கொண்டுபோங்கள்.